கேட்டேன் என்ற கட்டம்

அவர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் நம் டீ ஆறிவிடும். பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கம் அச்சடித்திருக்கும் தேதியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். 05/08 என்று இருக்கும். "இது நாள் முதலா, மாசம் முதலா?" என்று டீக்கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் எதிரே போகிற பஸ்ஸைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட ஒருவருடன் ஆறு வருடம் வேலை பார்த்தேன்.

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையில், ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் பதினொரு பேர். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் ஊழியர் பட்டியல்களைச் சரிசெய்து கொடுப்பது எங்கள் வேலை. பெயர், பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி, ஓய்வுபெறும் தேதி. தொழிற்சாலையின் பழைய மென்பொருளிலிருந்து எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக வரும். அதை எக்செல் ஷீட்டில் ஏற்றி, பிழை பார்த்து, திருப்பி அனுப்ப வேண்டும். நான் அங்கே சூப்பர்வைசர். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பதவியில் எனக்குக் கீழே. எல்லாருக்கும் அவர் அக்கா. எனக்கு வேலை ஆக வேண்டுமென்றால் நானும் அக்கா என்பேன், கோபம் வந்தால் மேடம் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், வாடிக்கையாளர் எதிரில் மட்டும் சார் என்பார். அவர் பெயரை இங்கே எழுதுகிற உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

இந்த வேலையில் என்ன பெரிய கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஃபைலை ஷீட்டில் திறந்தால், அதில் இருப்பது தேதி என்று அதுவே கண்டுகொள்ளும். கண்டுகொள்வதுதான் வினை. நம் ஊரில் 09/04 என்றால் ஏப்ரல் ஒன்பது. கம்ப்யூட்டரின் செட்டிங் அமெரிக்கக் கணக்கில் இருந்தால் அதையே செப்டம்பர் நான்கு என்று படித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கைகூட வராது. 23/04 வந்தால்தான் முழிக்கும், இருபத்து மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாதே. அதை ஏதோ எழுத்து என்று நினைத்து கட்டத்தின் இடது ஓரத்திலேயே விட்டுவிடும். தேதி என்று ஏற்றுக்கொண்டவற்றை வலது ஓரத்தில் வரிசையாக நிறுத்தும். பார்க்க அலங்கோலமாக இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பவை எல்லாம் சரியான தேதிகள். வலது பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் நாள் மாதமாகவும் மாதம் நாளாகவும் மாறிப்போனவை.

அக்கா புதிய ஃபைல் வந்தால் முதலில் அதை ஷீட்டில் திறக்கவே மாட்டார். நோட்பேடில் திறந்து, மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போவார். பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண்ணைத் தேடுகிறார் என்று அர்த்தம். பதிமூன்றோ இருபதோ முதலில் நின்றால் அந்த ஃபைலில் நாள் முதல். நடுவில் நின்றால் மாதம் முதல். கிடைத்ததும், "பதிமூணு வந்துட்டான்" என்பார், வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல. யாராவது அவசரப்பட்டு டபுள் கிளிக் செய்து ஷீட்டில் திறந்துவிட்டால் பின்னால் வந்து நின்று, "இடது பக்கம் நிக்கறவன் நல்லவன். வலது பக்கம் போனவனைப் புடி" என்பார். அவருக்கு எங்கள் பையன்கள் வைத்த பெயர் பதிமூணு. அவருக்கும் அது தெரியும்.

இதெல்லாம் மூன்று கிளிக்கில் முடிகிற விஷயம் என்று நான் வாதாடுவேன். ஃபைலை ஏற்றும்போதே, இந்த வரிசை தேதி, நாள்-மாதம்-வருடம் என்று சொல்லிவிட்டால் போதும், மாறாது. அக்கா மறுக்க மாட்டார். "ஒரே இடத்துலேர்ந்து வந்த ஃபைலுக்கு அது போதும் தம்பி. ரெண்டு யூனிட் ஃபைலை ஒண்ணா ஒட்டி அனுப்பறாங்களே, அதுல ஒருத்தன் நாளை முதல்ல எழுதறான், இன்னொருத்தன் மாசத்தை முதல்ல எழுதறான். அங்க என்ன பண்ணுவீங்க?" என்பார். என்ன பண்ணுவது, இரண்டையும் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடுவதுதான் என்பேன். "குத்துமதிப்பா ஒருத்தரைப் பொறக்க வைக்க முடியுமா?" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவருடைய வழி, கேட்பது. சந்தேகமான தேதிகளை மட்டும் தனியாகப் பிரித்து, தொழிற்சாலையில் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் பார்த்து ஒவ்வொருவராக போனில் கூப்பிடுவார். சம்பந்தப்பட்ட ஆளிடமே கேட்பார். "சாப்டீங்களா? ஒரே ஒரு கேள்விம்மா. நீங்க பொறந்தது அஞ்சாம் மாசமா, ஒன்பதாம் மாசமா?" அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பதில் ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்கும்.

"இன்னா மேடம் திடீர்னு ஜாதகம் கேக்கற. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளு. குன்றத்தூர் மலைக்குக் காவடி எடுத்துகினு போன கூட்டத்துல எங்கம்மாவுக்கு வலி கண்டுச்சாம்."

"அது நிஜம். சர்டிபிகேட்ல என்ன இருக்கு?"

"அது வாத்தியார் போட்டது. மே மாசம் இன்னாவோ ஒண்ணு கீது."

அக்காவின் மேசையில் ஒரு நூறு வருடப் பஞ்சாங்கம் உண்டு. அட்டை போய், பிரவுன் தாள் ஒட்டியது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த வருடத்துப் பக்கத்தைப் புரட்டி, ஆடிக் கிருத்திகை என்றைக்கு வந்தது என்று பார்ப்பார். அதனால் வேலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைசியில் சான்றிதழில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், அதைத்தான் எழுதுவார். ஆனாலும், "உங்க நிஜமான பிறந்த நாள் ஆகஸ்ட் நாலும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

ஷீட்டின் கடைசியில் கூடுதலாக ஒரு வரிசை சேர்ப்பார். அதன் தலைப்பு "கேட்டேன்". யாரிடம் போனில் கேட்டாரோ அவர்கள் பெயருக்கு நேரே, அந்தக் கட்டத்தில் அதே சொல்லை எழுதுவார், பக்கத்தில் அவர்களுடைய போன் நம்பரும் இருக்கும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் அந்த வரிசையை நான் நீக்குவேன். ஆறு வருடமும் அதை எரிச்சலோடுதான் நீக்கினேன்.

அந்தப் பட்டியல்களில் பாதிப் பேர் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள். ஊர் முழுக்கக் கோடையில்தான் பிள்ளை பெற்றதா என்று நான் ஒருமுறை கிண்டலடித்தேன். அக்காதான் சொன்னார். அந்தக் காலத்தில் ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். பிள்ளை ஆவணியிலோ ஐப்பசியிலோ பிறந்திருந்தால் ஒரு வருடம் போய்விடும். பெற்றவர்கள் கெஞ்சுவார்கள். தலைமை ஆசிரியர் பிறப்பை நாலைந்து மாதம் முன்னால் தள்ளி எழுதிவிடுவார். பிள்ளைக்கு ஒரு வருடம் மிச்சம். ஐம்பது வருடம் கழித்து அதே நாலைந்து மாதம் வேலையின் கடைசியில் கழியும். "அப்போ நல்லதுன்னு பண்ணது" என்றார் அக்கா.

உங்களுக்கு எப்போது பிறந்த நாள் என்று அக்காவை யாரோ கேட்டார்கள். ஏதோ கேக் வெட்டுகிற யோசனை. "எனக்கு மூணு இருக்கு" என்றார் அவர். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. எது நிஜம் என்று கேட்டதற்கு, "அம்மா இருந்தப்போ கேக்கணும்னு தோணல. தோணினப்போ அம்மா இல்ல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நாங்கள் கேக் வெட்டவில்லை.

லீவு கடிதத்தில்கூட அவர் எண் போட மாட்டார். "பதினொன்று, மார்ச்" என்று எழுத்தில்தான் இருக்கும். மற்றவர்கள் 4/5 அன்று லீவு என்று எழுதினால் என்னிடம் வரும் முன்பே பிடித்துத் திருத்தச் சொல்வார். என் டேபிளுக்கு வருகிற கடிதத்தைத் திருத்த இவர் யார் என்று எனக்கு உள்ளுக்குள் பொருமல். நான் அவரை மதித்தேன். அதே அளவு அவர்மேல் எரிச்சலும் இருந்தது. எப்போதும் சரியாக இருக்கிறவருடன் ஒரே அறையில் இருப்பது லேசு இல்லை. அவரிடம் ஒரே ஒரு தப்பாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்புறம் நடந்ததற்கு அதுதான் காரணம்.

போன வருடம் ஜனவரியில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கமிருந்து ஒரு ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பட்டியல் வந்தது. இரண்டு யூனிட், நானூறு சொச்சம் பேர், ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அக்கா மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிட்டார். நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, "மேடம், முடிஞ்சுதா?" என்றேன். கடைசியில் முடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் தொழிற்சாலைக்காரர்கள் சாவகாசமாகச் சான்றிதழ் நகல்களை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். இறுதிச் சரிபார்ப்பு என் வேலை. ஒவ்வொரு நகலாக எடுத்து ஷீட்டோடு ஒப்பிட்டேன்.

நானூற்றுச் சொச்சம் பேரில் ஒரே ஒரு தப்பு. பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண்மணி. சான்றிதழில் 09/04, அதாவது ஏப்ரல் ஒன்பது. அக்காவின் ஷீட்டில் செப்டம்பர் நான்கு. கம்ப்யூட்டர் புரட்டிப் போட்டது அப்படியே இருந்தது, வலது பக்கம் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. நேரே கடைசிக் கட்டத்தில் "கேட்டேன்" என்றும் எழுதியிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா பத்தடி தூரத்தில்தான் இருந்தார், யாரிடமோ போனில் மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் "ஐயோ, ஆமாம் தம்பி" என்று திருத்திவிடுவார், அதோடு போய்விடும். ஏப்ரல் கடைசியில் வருடாந்திர மதிப்பீடு வரும், எதிரில் உட்கார வைத்து அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். ஏப்ரல் ஒன்பது என்று திருத்தினேன். "கேட்டேன்" வரிசையை நீக்கினேன். அனுப்பினேன்.

மதிப்பீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும். நான் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து வாஷ்பேசின் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, ரப்பர் கம்பெனி பேக்கிங் செக்‌ஷன்ல ஒரு அம்மா. அவங்களுக்கு லெட்டர் குடுத்துட்டாங்களாம். இந்த மாசக் கடைசியோட ரிடையர்மென்ட்டாம். இப்பதான் போன் பண்ணாங்க."

"ஆமா, அம்பத்தெட்டு முடிஞ்சா குடுப்பாங்க."

"நான் செப்டம்பர்னு இல்ல போட்டிருந்தேன்?"

நான் இத்தனை நாள் காத்திருந்த சந்தர்ப்பம் வாஷ்பேசின் பக்கத்தில் வந்து நின்றது. "நீங்க கவனிக்காம விட்டுட்டீங்க அக்கா. சர்டிபிகேட்ல ஏப்ரல் ஒன்பது. நான்தான் பார்த்துத் திருத்தினேன்" என்றேன். குரலில் எவ்வளவு இனிப்பு இருந்தது என்று எனக்கே இப்போது கேட்கிறது.

"கவனிக்காம விடல. தெரிஞ்சுதான் வெச்சேன்."

குழாய் திறந்தபடி இருந்தது. அவரே மூடினார். பிறகு சொன்னார். அந்த அம்மாளிடம் போனில் கேட்டபோது அவர் சொன்னது: சான்றிதழில் ஏப்ரல் ஒன்பது, ஆனால் அது வாத்தியார் போட்டது. தன் அம்மா சொன்னபடி பார்த்தால் பிறந்தது ஆவணியில், பத்தொன்பதோ இருபதோ. அக்கா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அந்த வருடம் ஆவணி பத்தொன்பது, செப்டம்பர் நான்கு. திரும்பி ஷீட்டைப் பார்த்தால் அங்கேயும் செப்டம்பர் நான்கு.

"மத்தவங்களுக்கெல்லாம் மெஷின் மாத்தினதும் பொய், வாத்தியார் எழுதினதும் பொய். எந்தப் பொய் காகிதத்துல இருக்கோ அதைப் போட்டேன். இவங்க ஒருத்தருக்குத்தான் மெஷின் தப்பாப் படிச்சு நிஜத்துல கொண்டுபோய் விட்டிருந்துச்சு. அதை அழிக்க எனக்குக் கை வரல தம்பி."

"அதுக்காக? ரெகார்டுன்னா சர்டிபிகேட்தானே?"

"அன்னிக்கு போன்லயே சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டறவரு. இதயத்துல வால்வு போயிடுச்சு. ஜூலையில ஆபரேஷன்னு நாள் குறிச்சிருக்காங்க. கம்பெனி இன்ஷூரன்ஸ்ல. அவங்க வேலையில இருந்தாதான் அது உண்டு."

நான் கோபப்பட்டேன். கோபம் எனக்குச் சுலபமாக வரும். "அப்ப நீங்க நிஜத்துக்காக வெக்கல, ஆபரேஷனுக்காக வெச்சிருக்கீங்க. அந்தம்மா உண்மையிலேயே ஏப்ரல்ல பொறந்து, மெஷின் செப்டம்பர்னு காட்டியிருந்தா? அப்பவும் விட்டிருப்பீங்க இல்ல?" என்றேன்.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"தெரியல தம்பி. அதை நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். தெரியல." பிறகு, "ஆனா நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அந்தக் கட்டத்துல கேட்டேன்னு எழுதியிருந்தேனே" என்றார்.

டப்பாவைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த டப்பா.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு, பஞ்சாங்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் போனார். எனக்கு அது தொழிற்சாலைக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். அங்கிருந்த மனிதவள அதிகாரி எனக்கு போன் செய்து, "உங்க ஸ்டாஃப் ஒருத்தங்க பஞ்சாங்கம் எடுத்துட்டு வந்து பிறந்த தேதியை மாத்தச் சொல்றாங்க சார், என்ன இது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "கொஞ்சம் அப்படித்தான் சார், வேலையில நல்லவங்க" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. நான் அன்று, "அவங்க சொல்றதுல விஷயம் இருக்கு, நாலு மாசம் தள்ளி வெக்க வழி இருக்கா பாருங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நடந்திருக்குமா என்று தெரியாது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. சண்டை போடவில்லை, முகம் திருப்பவில்லை. டீ குடிக்க வந்தார், பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "சார், இந்த ஃபைல் முடிஞ்சுது" என்பார். மதிப்பீட்டில் அவருக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்றார். அந்த சார் என்கிற சொல் இவ்வளவு தூரமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் செய்தது சரி. இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், மனைவியிடம், பழைய நண்பர்களிடம். சான்றிதழில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு ஆடிட்டில் என் கழுத்துக்குத்தான் வரும். கேட்டவர்கள் எல்லாரும் நான் செய்தது சரி என்றுதான் சொன்னார்கள். அந்த ஆட்டோக்காரருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் விடாமல் கேட்டார்கள். தெரியாது என்பேன். பேச்சு அங்கே நின்றுவிடும்.

ஜூலை வந்து போயிற்று. அக்கா பத்தடி தூரத்தில்தான் இருந்தார். எழுந்து போய்க் கேட்க எத்தனையோ முறை நினைத்தேன். ஆபரேஷன் வேறு எங்காவது நடந்து நல்லபடியாக இருந்தால் அவரே சொல்லியிருப்பார் என்று ஒரு மனது சொல்லும். கெட்டது நடந்திருந்தால் அவர் முகத்தில் தெரிந்திருக்காதா என்று இன்னொரு மனது சொல்லும். அவர் முகத்தை நான் நேராகப் பார்ப்பதை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு லீவு கடிதம் வைத்தார். வழக்கம்போலத் தேதி எழுத்தில். காரணம் என்ற இடத்தில், "ஒரு காரியத்துக்குப் போக வேண்டியிருப்பதால்" என்று இருந்தது. ஏதாவது வேலை இருக்கும், வங்கியோ வட்டாட்சியர் அலுவலகமோ என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், நினைக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

டிசம்பரில் வேலையை விட்டார். காட்டாங்குளத்தூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது, ரயில் அலைச்சல் மிச்சம் என்று எல்லாரிடமும் சொன்னார். கடைசி நாள் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். டப்பாவின் அடியைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார், எல்லாரும் சிரித்தோம். என்னிடம் வந்தபோது, "வரேன் சார்" என்றார். நான், "வாங்க அக்கா" என்றேன்.

இந்த ஜனவரியில் அந்த ரப்பர் தொழிற்சாலையின் ஃபைல் மறுபடி வந்தது. ஒப்பிடுவதற்காக அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஷீட்டைத் திறந்தேன். அவருடைய சொந்தப் பிரதி, கடைசி வரிசையோடு அப்படியே இருந்தது. கேட்டேன், கேட்டேன், கேட்டேன் என்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனது. பேக்கிங் பிரிவு அம்மாளின் பெயரில் வந்து நின்றேன். தேதியை, நான் திருத்தி அனுப்பியபடியே ஏப்ரல் ஒன்பது என்று மாற்றியிருந்தார். கடைசிக் கட்டத்திலும் மாற்றியிருந்தார். அங்கே "கேட்கவில்லை" என்று இருந்தது.

பக்கத்தில் அந்த அம்மாளின் நம்பர்.

இரண்டு நாள் அந்த ஷீட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள், தொழிற்சாலைகளில் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்கு, மாடிப்படிக்கு வந்து நின்றுகொண்டு கூப்பிட்டேன். அந்த அம்மாள் இப்போது எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"அலோ, யாரு?"

"அம்மா, நான் தாம்பரத்துலேர்ந்து பேசறேன். உங்க கம்பெனி லிஸ்ட் பார்க்கற ஆபீஸ்."

"அந்தக்கா ஆபீசா? சொல்லு சார். அக்கா நல்லா கீதா?"

"நல்லா இருக்காங்க. அம்மா... உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

அந்தப் பக்கம் எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"அவரு பூட்டாரு சார். வேலை போன பின்னாடி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். அவங்களும் நாள் குடுத்தாங்க. அந்த நாள் வர்றதுக்குள்ள பூட்டாரு. இருவத்திரண்டு, ஆகஸ்டு." நிறுத்தி நிதானமாக, நாளை முதலில் சொல்லி அப்புறம் மாதத்தைப் பெயரோடு சொன்னார், யாரோ பழக்கியதுபோல. "அந்தக்கா பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துச்சே சார். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்துச்சு. உங்களாண்ட ஒண்ணும் சொல்லலியா?"

"நான் கேக்கலைம்மா" என்றேன்.